காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கக் கரைகளில் நடக்கப் போகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

மலையகத்துக்கு நடப்பதற்கென்றே வருகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ நடைபாதை 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. கொட்டகலையிலிருந்து நோர்வூட்டுக்கும், அங்கிருந்து பொகவந்தலாவைக்கும் போகிற துண்டுகள் அதில் அடக்கம். அந்தப் பக்கத்தில்தான் காசல்ரீ நீர்த்தேக்கமும், சற்றுத் தள்ளி மஸ்கெலியாவை ஒட்டி மவுசாகலை நீர்த்தேக்கமும் இருக்கின்றன. இந்த இரண்டு கரைகளிலும் நடப்பவர் தெரிந்துவைத்திருக்க வேண்டியதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் தண்ணீரைப் பற்றி. கெஹெல்கமு ஓயா என்ற சிற்றாற்றை மறித்தது காசல்ரீ. மஸ்கெலி ஓயாவை மறித்தது மவுசாகலை. இரண்டு ஓயாக்களும் கீழே சேர்ந்துதான் களனி கங்கையாகின்றன. இரண்டும் மின்சாரத்துக்காக 1960களில் கட்டப்பட்டவை. காசல்ரீ தண்ணீர் விமலசுரேந்திர மின்நிலையத்துக்கும், மவுசாகலை தண்ணீர் கெனியன் மின்நிலையத்துக்கும் போகிறது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகப் போகிறது என்பதைக் கவனியுங்கள். அதனால் அணைக்குக் கீழே உள்ள ஆற்றில் பெரும்பாலான நாட்களில் கல்லும் முழங்கால் தண்ணீரும்தான் இருக்கும். பார்ப்பதற்குக் குளிக்கத் தோதான இடம். ஆனால் தென்மேல் பருவமழையில் நீர்த்தேக்கம் நிறைந்து வழிந்தாலோ வான்கதவு திறந்தாலோ, அதே ஆறு சில நிமிடங்களில் கரை புரளும். உங்கள் தலைக்கு மேல் மழையே இல்லாமல் இருக்கலாம். மழை பெய்தது மேலே பொகவந்தலாவைப் பக்கமாக இருக்கும். அணைக்குக் கீழே ஆற்றுக்குள் இறங்க வேண்டாம். குறுக்கே போக வேண்டுமானால் பாலத்தால் போங்கள்.

இனி நீர்த்தேக்கத்தின் ஓரம். வறட்சியில் நீர் மட்டம் இறங்கியதும் தேயிலைக்கும் தண்ணீருக்கும் நடுவே செம்மண் பட்டையொன்று வெளியே தெரியும். சமதரை, பற்றையும் இல்லை என்று பலர் அதில் இறங்கி நடப்பார்கள். மேட்டுப் பகுதியில் பரவாயில்லை. சிற்றாறுகள் வந்து விழுகிற வாய்களில்தான் ஆபத்து. மலையிலிருந்து அரித்து வந்த மண் அங்கே படிந்து கிடக்கிறது. வெயிலில் மேல் தோல் காய்ந்து ஓடு ஓடாக வெடித்திருக்கும். அதைப் பார்த்து உறுதியான தரை என்று நம்பிவிடுகிறோம். ஓட்டுக்கு அடியில் சேறு, ஆளை இடுப்பு வரை வாங்கிக்கொள்ளும். வெடிப்பின் உள்ளே பாருங்கள். உட்பக்கம் கறுப்பாக ஈரம் தெரிந்தால், அல்லது கம்பை ஊன்றும்போது ஒரு சாணுக்கு மேல் இறங்கினால், திரும்பி மேலே ஏறிவிடுங்கள். ஏற்கெனவே கால் புதைந்துவிட்டால் இழுத்துப் போராடக்கூடாது. முதுகுப்பையைக் கழற்றி முன்னால் போட்டு, அதன் மேல் உடம்பைச் சாய்த்து, காலை மெதுவாக ஆட்டி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

மவுசாகலையில் தண்ணீர் நன்றாக வற்றும் ஆண்டுகளில் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் மற்றக் கட்டடங்களின் எச்சங்களும் வெளியே தெரியும். பார்க்கத்தான் வேண்டும்; அந்த நகரத்திலிருந்து எழும்பிப் போனவர்களின் பிள்ளைகள் இன்றும் அதே கரையில்தான் வாழ்கிறார்கள். ஆனால் மற்றவர்கள் நடந்து பதிந்த தடத்திலேயே போய், அதே தடத்தில் திரும்புங்கள். சுவர் மேல் ஏற வேண்டாம். பல வருடம் தண்ணீரில் ஊறிய சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்துபோயிருக்கிறது. நீந்தவும் வேண்டாம். கரை ஓரத்தில் முழங்கால் ஆழம் இருக்கும். அடுத்த அடியில் பழைய மண்மேடு முடிந்து தலைக்கு மேல் போய்விடும். தண்ணீரும் கடுங்குளிர்.

எப்போது வரலாம்? ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் காலை வெளிச்சமாக இருந்துவிட்டு மத்தியானத்துக்குப் பிறகு இடியுடன் மழை கொட்டும். மே முதல் செப்டெம்பர் வரை இந்தச் சரிவில் நீண்ட நடை வைத்துக்கொள்ளாதீர்கள். மழைக் காலத்தில் கிளம்புவதற்கு முதல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவிப்பைப் பாருங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தாலே முதலாம் கட்ட எச்சரிக்கை வரும். 100 தாண்டினால் இரண்டாம் கட்டம். 150 என்றால் அங்கே குடியிருப்பவர்களையே வெளியேறச் சொல்வார்கள். முதலாம் கட்டம் அறிவித்த நாளில் நடக்கிறவர் வீட்டில் இருப்பதே சரி.

பாதை விஷயத்துக்கு வருவோம். இங்கே நடைபாதை என்று தனியாக வெட்டியது மிகக் குறைவு. பெரும்பாலும் தோட்டத்து ரோட்டும் தொழிலாளர் நடக்கிற குறுக்குப் பாதையும்தான். கொழுந்து லொறி போகிற ரோட்டு மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும். குறுக்குப் பாதை அதன் வளைவுகளை அறுத்துக்கொண்டு கற்படியாக நேரே ஏறும். ஏறும்போது குறுக்குப் பாதையில் போங்கள், இறங்கும்போது லொறி ரோட்டில் வாருங்கள். பாசி பிடித்த கற்படியில் விழுகிறவர்கள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். அதுவும் களைத்துப்போன பின்னேரத்தில்.

தேயிலை மலைக்குள் நுழைந்தால் கானைக் கவனியுங்கள். மண் அரிக்காமல் இருக்கச் சரிவுக்குக் குறுக்கே வெட்டியிருக்கிற இந்தக் கான் ஒன்றரை அடி ஆழம் இருக்கும். இரண்டு பக்கத்துச் செடியும் மேலே கை கோத்து மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கணுக்கால் முறிவதற்கு அது போதும். நிரைக்கு நடுவே போகும்போது கம்பை முன்னால் தட்டி, பிறகு காலை வையுங்கள். கவ்வாத்து வெட்டிய மலை, அதாவது தேயிலைச் செடியைத் தறித்துவிட்ட மலை, இன்னும் மோசம். வெட்டிய தண்டுகள் முழங்கால் உயரத்தில் கூராக நிற்கும், விழுந்தால் குத்தும். அப்படியான மலையைச் சுற்றிப் போங்கள்.

நேரக் கணக்கு எளிது. ரோட்டில் மணிக்கு மூன்று கிலோமீற்றர், ஏற்றப் படியில் இரண்டு. ஒரு நாளைக்கு 12 முதல் 15 கிலோமீற்றர் போதும். காலை ஆறரைக்குத் தொடங்கினால் பின்னேரம் மூன்றுக்குள் முடிக்கலாம். மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் லயம், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகள், இருப்பதுகூடத் தெரியாது. பாதையின் வரைபடத்தைத் தொலைபேசியில் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளங்களில் சிக்னல் கிடைக்காது.

குளிராக இருப்பதால் தாகம் தெரியாது. ஆனாலும் ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் வேண்டும். நீர்த்தேக்கத்திலும் கானிலும் ஓடுகிற தண்ணீரைக் குடிக்காதீர்கள். தேயிலைக்கு அடித்த களைகொல்லியும் உரமும், லயத்துக் கழிவும் அதில்தான் கலக்கின்றன. லயத்துக்கு மேலேயிருந்து பீலியில், அதாவது குழாய் போல வைத்த வாய்க்காலில், வருகிற தண்ணீர்தான் அங்கே எல்லோரும் பிடிப்பது. அதையும் கொதிக்க வைத்தோ வடிகட்டியோ குடியுங்கள்.

அட்டைக்குப் பயப்படத் தேவையில்லை. நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, காலுறையின் மேல் காய்ந்த சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். உப்பு ஈரத்தில் கரைந்து போய்விடும். சவர்க்காரம் சற்றுக் கூடுதலாக நிற்கும். கடித்திருந்தால் பிடித்து இழுக்கக்கூடாது. வாய்ப்பக்கம், அதாவது ஒடுங்கிய முனையில், நகத்தைச் செருகித் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கிற பொருளை அது செலுத்தியிருப்பதால் காயத்திலிருந்து கொஞ்ச நேரம் கசியும். கழுவி, துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள்.

அஞ்ச வேண்டியது குளவிக்குத்தான். தோட்டத் தொழிலாளர்கள் வருடாவருடம் குளவி கொட்டி வைத்தியசாலைக்குப் போகிறார்கள், உயிரும் போயிருக்கிறது. உயர்ந்த மரத்திலும் பாறை முகத்திலும் கூடு தொங்கும். பருந்து மோதினாலோ பலத்த காற்றடித்தாலோ, கீழே யாரும் புகை போட்டாலோ கலையும். ஆகவே மரத்தடியில் நெருப்பு மூட்டாதீர்கள். கலைந்துவிட்டால் கையை வீசாமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நேரே ஓடுங்கள். லயமோ வாகனமோ எதற்குள்ளாவது புகுந்து கதவைச் சாத்துங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ தலை சுற்றினாலோ தாமதிக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள், கட்டணம் இல்லை. டிக்கோயா கிளங்கனில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது.

சிறுத்தையும் இந்த மலைகளில் உண்டு. விடியலிலும் அந்தியிலும் தனியாக நடக்காமல் இருந்தால் போதும். காட்டுக்குள், குறிப்பாகச் சிவனொளிபாதமலைச் சரணாலய எல்லைக்குள், யாத்திரைப் பாதையை விட்டு அனுமதியின்றி நுழையக்கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் நடப்பது மக்கள் வேலை செய்கிற இடத்தில், குடியிருக்கிற வீட்டு முற்றத்தில். கொழுந்துச் சுமையோடு வருகிறவருக்கு ஒதுங்கி நில்லுங்கள். ஒற்றையடிப் பாதையில் அவருக்குத் திரும்ப இடமில்லை. அக்கா, ஐயா என்று கூப்பிட்டுக் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். வேண்டாம் என்றால் கமராவைப் பைக்குள் வையுங்கள். லயத்தின் பின்பக்கத்தால் போகாதீர்கள், அங்கேதான் பெண்கள் குளிக்கிற பீலி இருக்கும்.

முடிந்தால் அந்தத் தோட்டத்துப் பிள்ளை ஒருவரை வழிகாட்டியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூலியை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். கொழுந்து பறிக்கிற ஒரு நாள் சம்பளத்துக்குக் குறையக் கொடுப்பது நியாயமில்லை. புறப்படும் முன் அவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள்: இன்று எந்த மலையில் மருந்து அடிக்கிறார்கள், எங்கே கவ்வாத்து வெட்டியிருக்கிறது, குளவிக்கூடு எந்தப் பக்கம், ஹட்டனுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு.

நன்றி, வணக்கம்.