அப்பப்பாவின் இடது குழலும் நான் வாங்கி ஏமாந்த ஃபுல் சோக்கும்

வணக்கம் உறவுகளே. முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுக் குளக்கட்டில் இருந்து கதைக்கிறேன். பின்னால் கேட்கிறது மயில், அதை நிறுத்த என்னால் முடியாது.

கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் கனக்கப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். "அண்ணை, கிளே சுடவும் வேட்டைக்குப் போகவும் ஒரு சொட்கன் எடுக்கப் போகிறேன், எதை எடுப்பது, என்ன சோக் போடுவது?" இங்கிலாந்தில் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிளே, அதாவது இயந்திரம் எறிகிற தட்டைப் பறக்கும்போதே சுடும் விளையாட்டு, சுட்டவன் நான், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். இந்த வீடியோவில் துவக்கு எதுவும் வராது. இங்கே என் பெயரில் துவக்கு இல்லை. திரும்பி வரும்போது ஒரு வெற்றுத் தோட்டாக் கோதுகூடக் கொண்டுவரவில்லை, எங்கள் ஊரில் அதற்கு விளக்கம் சொல்லப் போனால் பொழுது போய்விடும். கையில் இருப்பது ஒரு கிளே தட்டும் வெங்காயத் தோட்டத்து ஓஸ் பைப்பின் மூக்கும்தான்.

என் அப்பப்பாவிடம் இரட்டைக்குழல் துவக்கு ஒன்று இருந்தது. பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் எடுத்தது, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வயலில் பரண் கட்டி இரவு முழுக்க இருப்பார். குழல்கள் பக்கத்தில் பக்கத்தில், கீழே இரண்டு விசை. முன் விசை வலது குழலுக்கு, பின் விசை இடதுக்கு. "கிட்ட என்றால் வலது, எட்ட என்றால் இடது" என்பார். சின்ன வயதில் அதைக் கேட்ட நான் என்ன விளங்கிக்கொண்டேன்? இடது குழல்தான் பலமான குழல் என்று. பிற்காலத்தில் அந்த நினைப்புக்கு நல்ல விலை கொடுத்தேன்.

இந்த ஓஸ் மூக்கைப் பாருங்கள். திறந்துவிட்டால் தண்ணீர் விரிந்து பாத்தி முழுக்க விழும், திருகினால் ஒடுங்கி எட்டப் போகும். சோக் என்பதும் குழலின் வாயில் வைத்த ஒடுக்கம்தான். ஒரு வித்தியாசம், தண்ணீருக்கு வேகம் கூடும், சன்னத்துக்கு, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சின்னக் குண்டுகளுக்கு, வேகம் சொல்லும்படி கூடாது, கூட்டம்தான் ஒடுங்கும். அப்பப்பாவின் இடது குழலில் இருந்ததும் பலம் இல்லை, இந்த ஒடுக்கம்தான். அந்த ஒடுக்கமும் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 12 போரில் (போர் என்பது குழலின் அளவு, பிறகு சொல்கிறேன்) குவார்ட்டர் சோக் என்றால் சுமார் கால் மில்லிமீட்டர், ஹாஃப் என்றால் அரை, ஃபுல் என்றால் ஒரு மில்லிமீட்டர். அவ்வளவுதான். பர்மிங்ஹாம் துவக்குக்காரர் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் 1870களில் இதைப் பிரபலமாக்கினார்.

கணக்கு இப்படி. 40 யார் தூரத்தில், அதாவது 36 மீட்டருக்குச் சற்று மேல், 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை வீதம் சன்னம் விழுகிறது என்று பார்ப்பார்கள். ஒடுக்கமே இல்லாத சிலிண்டர் என்றால் 40 வீதம், கொஞ்சமே ஒடுங்கிய இம்ப்ரூவ்ட் சிலிண்டர் 50, ஹாஃப் 60, ஃபுல் 70. 28 கிராம் ஆறாம் நம்பர் (நம்பர் என்பது சன்னத்தின் பருமன்) தோட்டாவில் பிரிட்டிஷ் அளவில் ஏறக்குறைய 270 சன்னம். அப்படியானால் ஃபுல்லில் 189 உள்ளே விழும், இம்ப்ரூவ்டில் 135. இதைக் கேட்டால் எல்லோரும் ஃபுல்தான் வாங்குவார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

செக்கன்ஹாண்ட் துவக்கு, இரண்டு குழலும் திருகிக் கழற்ற முடியாத நிலையான சோக், ஒன்று ஃபுல், மற்றது முக்கால். விற்றவர் "எட்டத்துக்கு அடிக்கும்" என்றார். எனக்கு அப்பப்பாவின் இடது குழல் ஞாபகம் வந்தது, காசைக் கொடுத்துவிட்டேன். அந்த சீசன் முழுக்க 50 தட்டுக்கு 20க்கு மேல் உடைத்த நாள் குறைவு. சின்ன வயதில் மேலே எறிந்த சிரட்டையைக் கெற்றப்போலால் அடித்தவன் நான், இங்கே 11 சென்றிமீட்டர் தட்டு என் முன்னால் சும்மா மிதந்து போகிறது!

பயிற்சி தருகிற ஒரு பெரியவர்தான் கடைசியில் கேட்டார், இந்தத் துவக்கைக் காகிதத்தில் சுட்டுப் பார்த்தாயா என்று. அடுத்த வாரம் பெரிய காகிதம் ஒட்டி 20 யாரில் சுட்டோம். கூட்டம் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குக் கொஞ்சம் மேல், 40 சென்றிமீட்டர். அதே தூரத்தில் இம்ப்ரூவ்ட் சிலிண்டர் 66 சென்றிமீட்டர் அளவுக்கு விரியும். என் தட்டுகளில் முக்கால்வாசி 20, 25 யாரில்தான் பறந்தன. வீச்சு வலையை வைத்துக்கொண்டு அதை விரிக்காமல் கயிறாகச் சுருட்டி எறிந்த மாதிரி இருந்திருக்கிறது என் சூடு. துவக்குத் திருத்துபவரிடம் கொடுத்து இரண்டையும் குவார்ட்டர், ஹாஃப் என்று திறப்பித்தேன். செதுக்கி எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க முடியாது, அதனால் முதலில் கொஞ்சமாகத் திறக்கச் சொல்லுங்கள்.

அந்தக் காகிதத்தில் இன்னொன்றும் தெரிந்தது. குழலில் ஹாஃப் என்று பொறித்திருந்தாலும் ஒரு தோட்டாவுக்கு அது முக்கால் போல அடிக்கும், வேறு தோட்டாவுக்குக் குவார்ட்டர் போல அடிக்கும். ஆகவே சோக் பெயரைப் பார்த்து நம்பாதீர்கள். நீங்கள் சுடப்போகிற தோட்டாவோடு, நீங்கள் சுடப்போகிற தூரத்தில் சுட்டு ஓட்டையை எண்ணுங்கள். சலிப்பான வேலைதான், ஒரு பின்னேரம் போகும்.

இனி எது எதற்கு. ஸ்கீட் என்ற கிளே போட்டியில் தட்டு 20 மீட்டருக்குள் வரும், சிலிண்டரோ ஸ்கீட் சோக்கோ போதும். ஒலிம்பிக் ட்ராப் வேறு கதை. தட்டு 15 மீட்டர் முன்னால் உள்ள பள்ளத்தில் இருந்து கிளம்பி உங்களைவிட்டு விலகி ஓடும், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். அங்கே முக்கால், ஃபுல் எல்லாம் நியாயம். புதுக்கோட்டைக்காரர் பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டது இந்த ட்ராப்தான். தோட்டாவில் 24 கிராம் சன்னம்தான் விடுவார்கள், அதுவே போதுமாக இருக்கிறது. அவரைப் பார்த்து ஃபுல் வாங்குகிற தம்பிமார், அவர் சுடுகிற தட்டு எப்படிப் போகிறது என்றும் பாருங்கள்.

நிலையம் நிலையமாகப் போய் விதவிதமாகப் பறக்கும் தட்டைச் சுடும் ஸ்போர்ட்டிங் கிளேக்கும், புறா, ஃபெசன்ட் போன்ற பறவை வேட்டைக்கும் சேர்த்து ஒன்று என்றால் குவார்ட்டரும் ஹாஃபும். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இது காணும். திருகு சோக் உள்ள துவக்கு வாங்கினால் மாற்றலாம், ஆனால் ஒவ்வொரு நிலையத்திலும் சாவியை எடுத்துத் திருகிக்கொண்டு நிற்காதீர்கள், பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கு விசர் வரும்.

காட்டுப்பன்றிக்கு எங்கள் பக்கம் எஸ்.ஜி. என்பார்கள். அவுன்சுக்கு 8 பெரிய சன்னம். இதற்கும் ஃபுல்தான் நல்லது என்பது ஊர்க்கதை. பெரிய சன்னம் இறுக்கமான வாயில் நெரிபட்டு உருமாறித் தாறுமாறாகவும் போகும், பல துவக்குகளில் திறந்த குழலே வடிவாக அடிக்கும். அப்பப்பா பன்றிக்கு வலது குழலைத்தான் கூடுதலாகப் பாவித்தார் என்று அப்பா பிறகு சொன்னார். பன்றி பரணடிக்கு வரும்வரை பொறுத்திருப்பாராம். மான், மரை பக்கம் துவக்கைத் திருப்பவே கூடாது, சட்டம். கட்டுத்துவக்கு, அதாவது தடக்கினால் தானாக வெடிக்கும் பொறி, கட்டுவதும் அப்படித்தான், அதில் விறகுக்குப் போன மனிதர்தான் முதலில் அகப்படுவார்.

சோக் கதையே பாதி நேரத்தை எடுத்துவிட்டது. துவக்குக்கு வருகிறேன். ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டையாக உருட்டினால், ஒன்று அடங்குகிற குழல் 12 போர். 20 உருண்டையாக்கினால் 20 போர், அதாவது சிறியது. 410 மட்டும் அந்தக் கணக்கில் இல்லை, அது அங்குலத்தில் 0.410. புதிதாகத் தொடங்குபவர் 12 போரே எடுங்கள். மெல்லிய உடம்பு என்றால் 20. ஆனால் ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் தோட்டாக்களைக் கலக்கவே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் நழுவிப் போய் இடையில் சிக்கி நிற்கும், பின்னால் 12 தோட்டாவும் போட்டுவிடலாம், பிறகு குழல் வெடிக்கும். அதற்காகத்தான் 20 போர்த் தோட்டாவை மஞ்சளாகச் செய்கிறார்கள்.

கிளேக்கு மேலே கீழே குழல் உள்ளது, 30 அங்குலக் குழல், மூன்றரைக் கிலோவுக்குக் குறையாமல். பாரம் இருந்தால் உதை குறையும், தட்டைத் தொடர்ந்து துவக்கைத் திருப்புவதும் சீராக இருக்கும். நாள் முழுக்கக் காட்டிலும் வயலிலும் தூக்கித் திரிவதென்றால் மூன்று கிலோ, 28 அங்குலம். இரண்டுக்கும் ஒன்று என்றால் நடுவில் நில்லுங்கள். பெரெட்டா, மிரோகு கம்பனிகளின் செக்கன்ஹாண்ட் துவக்கு நல்ல நிலையில் கிடைத்தால் புதிது தேட வேண்டியதில்லை. பழைய ஆங்கிலத் துவக்கு கிடைத்தால் தோட்டா அறையின் நீளத்தைப் பாருங்கள். 65 மில்லிமீட்டர் அறைக்குள் 70 மில்லிமீட்டர் தோட்டா போகும், மூடும், சுடவும் சுடும், அமுக்கம்தான் அளவு மீறும். ஸ்டீல் சன்னம் பாவிக்க வேண்டிய நாட்டில் இருப்பவர்கள் ஹாஃபுக்கு மேல் இறுக்க வேண்டாம். பழைய மெல்லிய குழலில் ஸ்டீலே வேண்டாம். ஈயத்தைவிடப் பாரம் குறைந்தபடியால் சன்னத்தையும் இரண்டு அளவு பெரிதாக, அதாவது நம்பரில் இரண்டு குறைவாக எடுங்கள்.

வாங்கும் முன் கண்ணையும் பாருங்கள். இரண்டு கையாலும் சின்ன ஓட்டை செய்து எட்ட உள்ள மரத்தை அதனூடாகப் பார்த்து, ஒரு கண்ணை மூடுங்கள். மரம் மறைந்தால், மூடியதுதான் உங்கள் ஆளும் கண், அதாவது குறியை எடுக்கிற கண். வலது தோளில் வைத்துச் சுடுகிற ஒருவருக்கு இடது கண் ஆண்டால், எந்தச் சோக்கும் காப்பாற்றாது. நான் அதோ அந்தப் பாலை மரத்தைப் பார்க்கிறேன்... வலது.

சரி, வெளிச்சம் போகிறது. அந்தப் பக்கக் காட்டில் கிளை முறிகிற சத்தம் கேட்கிறது, யானை தண்ணிக்கு இறங்குகிற நேரம். மோட்டார் சைக்கிள் கட்டின் மற்ற முனையில் நிற்கிறது. மிச்சக் கேள்விகளைக் கீழே எழுதுங்கள், நான் ஓடுகிறேன்.