பலியிட்டதற்கு ஒரு சான்று

நேயர்களுக்கு வணக்கம்.

எகிப்தில், நைல் ஆற்றுக்கு மேற்கே, ஃபாயூம் என்றொரு தாழ்நிலப் பகுதி இருக்கிறது. மழை அரிதான அந்த வறண்ட மண் ஈரத்தில் மக்கிப் போயிருக்க வேண்டிய பழந்தாள்களையெல்லாம் காத்து வைத்திருந்தது. அங்கிருந்து வந்த, பாப்பிரஸ் என்னும் நாணற்புல்லால் செய்த ஒரு தாள் 1893ஆம் ஆண்டில் முதன்முதலாகப் படித்து வெளியிடப்பட்டது. கிரேக்க மொழியில், "பலிகளைக் கண்காணிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு" என்று தொடங்கும் அந்தத் தாள், அலெக்சாண்டர் தீவு என்னும் சிற்றூரைச் சேர்ந்த அவுரேலியஸ் தியோகெனஸ் என்பவர் கொடுத்த விண்ணப்பம். வயது 72, வலப் புருவத்தில் தழும்பு. "நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் அரசாணைப்படி உங்கள் முன்னிலையில் பலியிட்டு, பானம் வார்த்து, படைத்ததைச் சுவைத்தேன், இதற்குச் சான்று தருமாறு வேண்டுகிறேன்" என்பது அதன் சாரம். கீழே அலுவலரின் சான்றொப்பமும் தேதியும் உள்ளன. நம் கணக்கில் அது கி.பி. 250ஆம் ஆண்டு ஜூன் 26.

இதே வாசகத்தோடு நாற்பதுக்கும் மேற்பட்ட தாள்கள் இதுவரை கிடைத்திருக்கின்றன. அனைத்தும் அதே ஆண்டின் ஜூன், ஜூலை மாதங்களைச் சேர்ந்தவை. உரோமைப் பேரரசில் கிறிஸ்தவர்கள் பட்ட துன்பங்களைப் பற்றிப் பேசும்போது நம் நினைவுக்கு முதலில் வருவது அரங்கமும் சிங்கமும்தான். அவை பொய்யல்ல. ஆனால், அந்தக் காலத்தின் பெரும்பாலான கிறிஸ்தவர்கள் சிங்கத்தைக் கண்டவர்கள் அல்லர். பலியைக் கண்காணித்துச் சான்று தந்த அலுவலரின் மேசை முன்னால் நின்றவர்கள். பழைய கிறிஸ்தவத் தமிழில் வேதகலாபனை என்று சொல்லப்பட்ட அந்தக் கொடுமையின் கூர்மையான முனை, என்னைக் கேட்டால், அந்த மேசையில்தான் இருந்தது.

தொடக்கம் நீரோ மன்னன் காலத்தில். கி.பி. 64ஆம் ஆண்டு ஜூலையில் உரோமை நகரின் பெரும்பகுதி தீக்கிரையானது; பழியைக் கிறிஸ்தவர்கள் மேல் போட்ட நீரோ, அவர்களில் சிலரை விலங்குத் தோல் போர்த்தி நாய்களுக்கு இரையாக்கினான், சிலரைச் சிலுவையில் அறைந்தான், சிலரைத் தன் தோட்டத்தில் இரவு விளக்குகளாக எரித்தான். இதை எழுதி வைத்த உரோமை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கிறிஸ்தவர்களின் நண்பர் அல்லர். அவர்களை வெறுத்தவர், ஆயினும், ஒருவனுடைய கொடூரத்துக்கு இரையாகிறார்களே என்று மக்கள் அவர்களுக்காக இரங்கினார்கள் என்பதை மறைக்காமல் எழுதினார். இந்தக் கொடுமை தலைநகரோடு நின்றது. பேரரசு முழுவதற்குமான சட்டம் எதுவும் அப்போது பிறக்கவில்லை.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு, ஏறத்தாழ 112ஆம் ஆண்டில், கருங்கடலின் தென்கரையிலிருந்த பித்தினியா–பொந்து மாநிலத்தின் ஆளுநர் பிளினி, பேரரசர் திராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர் என்ற பெயரே குற்றமா, அந்தப் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் செயல்கள்தாம் குற்றமா என்று அவருக்கு ஐயம். ஐயம் தீரும்வரை அவர் காத்திருக்கவில்லை. பிடித்து வரப்பட்டவர்களிடம், "நீ கிறிஸ்தவனா?" என்று மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் ஆமென்றவர்களைக் கொல்ல அனுப்பினார், உரோமைக் குடியுரிமை உள்ளவர்களைத் தலைநகருக்கு அனுப்பக் குறித்து வைத்தார். மறுத்தவர்கள் பேரரசரின் உருவத்துக்குத் தூபமும் திராட்சை இரசமும் படைத்து, கிறிஸ்துவைப் பழித்துரைத்த பின் விடுவிக்கப்பட்டார்கள். இவர்கள் கூட்டத்தில் என்னதான் நடக்கிறது என்று அறிய, திருச்சபைப் பணிப்பெண்களாக இருந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தார். அவர் அறிந்துகொண்டதெல்லாம், குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் போற்றிப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், சொன்ன சொல் தவற மாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள் என்பது மட்டுமே.

திராஜனின் மறுமொழி சுருக்கமானது: அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டாம், குற்றம் சாட்டப்பட்டு உறுதியானால் தண்டிக்கலாம், மறுதலித்து நம் தெய்வங்களை வழிபட்டால் மன்னிக்கலாம், கையெழுத்தில்லாத மொட்டைக் கடிதங்களை ஏற்கக் கூடாது. கருணை மிக்கதுபோல் தோன்றும் இந்த விடையின் உள்முரணை வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் பின்னாளில் சுட்டிக் காட்டினார். தேடக் கூடாது என்றால் அவர்கள் குற்றமற்றவர்கள் என்றாகிறது, தண்டிக்க வேண்டும் என்றால் குற்றவாளிகள் என்றாகிறது. இரண்டும் எப்படி ஒருசேர இருக்க முடியும் என்று அவர் கேட்டார். எந்தத் திருடனையும் கொலைகாரனையும், "செய்யவில்லை என்று சொல், விட்டுவிடுகிறேன்" என்று நீதிபதி கெஞ்சுவதில்லை; கிறிஸ்தவனிடம் மட்டும் கெஞ்சினார்கள்.

ஏன் கெஞ்சினார்கள்? உரோமையர்களுக்குச் சமயம் என்பது தனி மனிதனின் உள்ளத்து நம்பிக்கையைப் பற்றியதாக இருக்கவில்லை. விளைச்சலும் வெற்றியும் நலமும் தெய்வங்களின் தயவால் வருகின்றன, அந்தத் தயவைக் காக்கும் கடமை ஊரார் எல்லாருக்கும் உண்டு என்று அவர்கள் எண்ணினார்கள். யூதர்களும் இந்தச் சடங்குகளில் சேரவில்லை; ஆனால், அவர்களுடையது மூதாதையர் வழிவந்த தொன்மையான வழிபாடு என்று விட்டு வைத்தார்கள். கிறிஸ்தவர்களோ நேற்று முளைத்தவர்கள். தங்கள் முன்னோரின் தெய்வங்களைத் தாங்களே கைவிட்டவர்கள். ஒரு சிட்டிகைத் தூபத்தை நெருப்பில் போட மறுப்பவனைப் பார்த்த உரோமை அலுவலருக்கு, அது வெறும் பிடிவாதமாகவும் ஊருக்குச் செய்யும் துரோகமாகவும் பட்டது.

இந்தக் கெஞ்சலின் வலியை அனுபவித்தவரே எழுதியதாக ஒரு குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. 203ஆம் ஆண்டு, கார்த்தேஜ் நகரில் சிறையிடப்பட்ட பெர்பெத்துவாவுக்கு ஏறத்தாழ 22 வயது. நல்ல குடும்பத்துப் பெண். மடியில் பால்குடி மாறாத மகன். அவளுடைய தந்தை சிறைக்கு வந்து மன்றாடுகிறார். அருகிலிருந்த பாத்திரம் ஒன்றைக் காட்டி, "இதை வேறு பெயரால் அழைக்க முடியுமா, அப்பா?" என்று கேட்கிறாள். முடியாது என்கிறார் அவர். "அதுபோல்தான், கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறெதுவாகவும் என்னை நான் சொல்லிக்கொள்ள முடியாது" என்கிறாள். விசாரணை நாளில் ஆளுநர் பொறுப்பிலிருந்த இலாரியானுஸ், "உன் தந்தையின் நரைத்த தலைக்கு இரங்கு, உன் பச்சிளம் பிள்ளைக்கு இரங்கு, பேரரசர்களின் நலத்துக்காகப் பலியிடு" என்கிறான். குறுக்கே வந்த தந்தையை அவள் கண் முன்னாலேயே பிரம்பால் அடிக்கிறார்கள். தன்னையே அடித்ததுபோல் வலித்தது என்று எழுதுகிறாள். அவளோடு சிறையிலிருந்த அடிமைப் பெண் பெலிசித்தா, எட்டாம் மாதத்தில் அங்கேயே ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். இருவரும் அரங்கத்தில் உயிர் துறந்தார்கள். இத்தகையோரைக் கிரேக்க மொழியில் சாட்சி என்ற சொல்லால்தான் அழைத்தார்கள். மறைசாட்சி, இரத்தசாட்சி என்று நாம் தமிழில் சொல்லும்போது அந்த மூலப்பொருள் சிதையாமல் நம்மிடம் இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

இதுவரை நடந்தவை அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஊர்ச்சினத்தாலும் ஆளுநரின் போக்காலும் எழுந்தவை. 249ஆம் ஆண்டில் அரியணை ஏறிய டேசியஸ் இதை மாற்றினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் உரோமை தன் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடியிருந்தது. ஆனால் எல்லையில் கோத்தியர்கள் என்னும் ஜெர்மானியக் குடியினர், உள்ளே ஒன்றன்பின் ஒன்றாகக் கலகங்கள். தெய்வங்களின் தயவைத் திரும்பப் பெறப் பேரரசின் குடிகள் எல்லாரும் பலியிட வேண்டும் என்று அவர் ஆணையிட்டார். 212ஆம் ஆண்டில் காரகல்லா மன்னன் சுதந்திர மக்கள் அனைவருக்கும் குடியுரிமை அளித்திருந்ததும் இதற்கு உதவியது. தியோகெனஸின் பெயருக்கு முன்னாலுள்ள அவுரேலியஸ் என்பது அந்தக் குடியுரிமையோடு வந்த பெயர்தான். கிறிஸ்தவர்களை மட்டும் குறிவைத்து எழுதப்பட்ட ஆணையாக அது தெரியவில்லை. முதலை வடிவத் தெய்வத்தின் பூசாரிணி ஒருத்தி கூடத் தான் பலியிட்டதாகச் சான்று வாங்கியிருக்கிறாள். எல்லாருக்கும் ஒரே விதி என்ற அந்தச் சமத்துவம், மனச்சான்று இடம் தராத ஒருவனுக்கு மட்டும் தூக்குக் கயிறாயிற்று.

இந்த மேசையின் முன்னால் என்ன நடந்தது என்பதைக் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன் கண்ணீரோடு எழுதியிருக்கிறார். யாரும் பிடித்து இழுக்குமுன்பே மக்கள் தாமாகவே ஊர்மன்றத்துக்கு ஓடினார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அலுவலர்கள் சொன்னபோது, இன்றே முடித்துவிடுங்கள் என்று வேண்டினார்கள். கைக்குழந்தைகளையும் தூக்கிச் சென்றார்கள். அலெக்சாந்திரியா ஆயர் தியோனீசியுஸ் மற்றொரு காட்சியைத் தருகிறார்: வெளிறிப்போய் நடுங்கிக்கொண்டு வந்த சிலர், பலியிட வந்தவர்களைப் போலல்லாமல், தாங்களே பலியாக வந்தவர்களைப் போலிருந்தார்களாம், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடிவதில்லை. அரங்கத்தில் இறந்தவனுக்குப் புகழாவது எஞ்சியது. இவர்கள் மறுநாள் அதே தெருவில், அதே அண்டை வீட்டாரிடையே வாழ வேண்டியிருந்தது.

எல்லாரும் ஒரே விதமாக விழவுமில்லை. சிலர் பலியிட்டார்கள், சிலர் தூபம் மட்டும் போட்டார்கள், வேறு சிலர் எதுவுமே செய்யாமல், அலுவலர் கையில் காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கி வந்தார்கள். தெய்வத்தின் முன்னால் நாங்கள் தலை வணங்கவில்லையே, ஒரு தாளைத்தானே வாங்கினோம் என்பது இவர்களுடைய வாதம். சான்றுத் தாளுக்கு இலத்தீனில் உள்ள சொல்லைக் கொண்டே இவர்களுக்குத் தனிப் பெயர் வைத்தது திருச்சபை.

251ஆம் ஆண்டில் டேசியஸ் கோத்தியரோடு நடந்த போரில் மாண்டார், கொடுமை ஓய்ந்தது, விழுந்தவர்கள் கோவில் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களை என்ன செய்வது? சிறையில் உறுதியாக நின்றவர்கள், தங்கள் பாடுகளின் பெயரால் விழுந்தவர்களுக்கு மன்னிப்புக் கடிதங்களை வழங்கத் தொடங்கியிருந்தார்கள். உரோமையில் நோவாசியன் என்ற குரு, மறுதலித்தவருக்குத் திருச்சபையில் மீண்டும் இடமே இல்லை என்று பிரிந்து போனார். சிப்ரியனின் நிலைதான் எல்லாவற்றையும்விடக் கடினமானது, ஏனெனில் கொடுமையின்போது அவரே ஊரைவிட்டு மறைந்திருந்து, கடிதங்கள் வழியாக மக்களை நடத்தியவர். ஓடிப்போனவர் மற்றவரைத் தீர்ப்பிடுவதா என்ற ஏச்சைக் கேட்டவர். அந்த ஆண்டு கார்த்தேஜில் கூடிய ஆயர்கள், தாள் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக ஆராய்ந்து ஏற்கலாம், பலியிட்டவர்கள் நெடுங்காலம் தவம் செய்ய வேண்டும், சாகுந்தறுவாயில் அவர்களுக்கும் மன்னிப்பு உண்டு என்று முடிவு செய்தார்கள். சிறிது காலத்திலேயே, அடுத்த கொடுமை நெருங்குவதாக அஞ்சி, தவத்திலிருந்தவர்கள் அனைவரையும் ஏற்றுக்கொண்டார்கள். படைக்கலமின்றிப் போருக்கு அனுப்பக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். திருச்சபை வரலாற்றில் இதைவிட மனிதத்தன்மையுள்ள முடிவுகள் அதிகம் இல்லை என்பது என் துணிபு.

அடுத்த அலை பேரரசர் வலேரியன் காலத்தில் வந்தபோது சிப்ரியன் ஓடவில்லை. 258ஆம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று நடந்த விசாரணையின் பதிவு நம்மிடம் உள்ளது. எண்ணிப்பார் என்று ஆளுநர் சொன்னபோது, "இத்தனை நேர்மையான காரியத்தில் எண்ணிப்பார்க்க ஒன்றுமில்லை" என்றார். தீர்ப்பைக் கேட்டு, "இறைவனுக்கு நன்றி" என்றார். தன் தலையை வெட்ட வந்தவனுக்கு 25 பொற்காசுகள் கொடுக்கச் சொன்னார்.

கடைசிப் பெருங்கொடுமை 303ஆம் ஆண்டு பிப்ரவரியில், தியோக்கிளேசியன் ஆட்சியில் தொடங்கியது. இம்முறை கோவில்களை இடிக்கவும் மறைநூல்களை எரிக்கவும் ஆணை. இன்றைய அல்ஜீரியாவிலுள்ள சிர்த்தா நகரில் அந்த மே மாதம் அலுவலர்கள் கோவிலில் எடுத்த பொருட்பட்டியல் அப்படியே கிடைத்திருக்கிறது: பொற்கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, பெண்களுக்கான அங்கி 82, முக்காடு 38, ஆண்களுக்கான அங்கி 16, ஆண்களின் காலணி 13 இணை, பெண்களின் காலணி 47 இணை. இத்தனை உடையும் காலணியும் ஏழைகளுக்குக் கொடுக்கச் சேர்த்து வைத்தவை என்றே கொள்ள வேண்டும். எகிப்தில் மறு ஆண்டு கொடுக்கப்பட்ட ஒரு வாக்குமூலத்தில், தங்கள் கோவிலில் செம்புப் பொருள்களைத் தவிர வேறொன்றும் இல்லை என்று சத்தியம் செய்கிறவர் அக்கோவிலின் வாசகர். மறைநூல் வாசிப்பதே அவருடைய பணி. ஆனால், எழுத்தறியாதவர் என்று சொல்லி, அவருக்காக வேறொருவர் கையொப்பமிட்டிருக்கிறார்.

அக்காலத்தைச் சேர்ந்த இன்னொரு தாள், கோப்ரெஸ் என்பவர் வழக்குக்காக வெளியூர் போன இடத்திலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதம். கடிதத்தைப் பெறும் சரபியாஸ் என்ற பெண்ணைத் தங்கை என்று அழைக்கிறார். எகிப்திய வழக்கில் மனைவியையும் அப்படி அழைப்பதுண்டு. நல்லபடியாக வந்து சேர்ந்தோம், நீதிமன்றத்தில் முன்னிற்பவர்களைப் பலியிடச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்று அறிந்தோம், அதனால் என் சகோதரனுக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்கிறார். பதற்றமில்லை, வீரவசனமும் இல்லை. பிறகு நிலத்தைப் பற்றிய வழக்கறிஞர் செய்தி. பிறகு, உன் தாயாரின் கண்ணில் விழுந்திருக்கும் வெண்படலத்துக்கு இங்கே குணம் கிடைக்கும், மற்றவர்கள் குணமானதை நானே பார்த்தேன், அழைத்துக்கொண்டு வா என்ற வேண்டுகோள். பின்புறம் முகவரியை அடுத்து ஓர் எண் மட்டும் இருக்கிறது: 99. கிரேக்க எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. 'ஆமென்' என்ற சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் அந்த எண் வரும்.