பதிவேட்டில் இல்லாத பெயர்

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில், யோங்திங் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சிற்றூருக்கு 2018ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் என் தாயாரையும் மனைவி மக்களையும் அழைத்துச் சென்றுவந்தேன். அந்தப் பயணத்தைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன். ஊரின் பெயரை மட்டும் சொல்லாமல் விடுகிறேன். நாற்பது பேர்கூட இல்லாத ஊரின் பெயரைச் சொன்னால் வீட்டையே அடையாளம் காட்டியதாகிவிடும்.

என் தாயார் மலேசியாவில் ஈப்போவுக்கு அருகில் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்து, பால்மரம் வெட்டி, எங்களை ஆளாக்கியவர். தீமிதிக்கும் தைப்பூசத்துக்கும் தவறாமல் விரதம் இருப்பவர். பிறப்பால் அவர் சீனர். அந்நாளில் சீனக் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்த தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு என்பது இந்த அவையிலுள்ள மூத்தவர்களுக்குத் தெரியும். அவர் பிறந்த 1950 சீனர்களின் கணக்கில் புலி ஆண்டு; அந்த ஆண்டில் பிறந்த பெண்ணுக்கு மணவாழ்க்கை அமையாது, புகுந்த வீட்டுக்கு ஆகாது என்ற நம்பிக்கை அப்போது வலுவாக இருந்தது. அதோடு, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க மலாயாவில் ஆங்கிலேயர் அறிவித்திருந்த அவசரகாலம் அது. காட்டோரங்களில் பயிர் செய்து பிழைத்த சீனக் குடும்பங்களைப் பெயர்த்து, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றத் தொடங்கியிருந்த நேரம். ஏற்கெனவே நான்கு பிள்ளைகளை வைத்திருந்த என் தாயாரின் தந்தை, ஓர் ஈயச் சுரங்கத் தொழிலாளி, ஐந்தாவதாகப் பிறந்த இந்தப் பெண்ணைப் பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளையில்லாமல் இருந்த என் பாட்டியின் கையில் கொடுத்துவிட்டார். கொடுத்தவர் யார் என்பதை என் பாட்டி ஒருநாளும் மறைக்கவில்லை. தான் இறக்கும் முன்பு அவருடைய கல்லறையை என் தாயாருக்குக் காட்டிவிட்டுத்தான் போனார்.

நாங்கள் அந்த ஊரைக் கண்டுபிடித்தது அந்தக் கல்லறையின் துணையால்தான். மலாயாவில் இறந்த சீனர்களின் கல்லறைக் கல்லில் இறந்தவரின் பெயரோடு அவருடைய பூர்வீக ஊரையோ மாவட்டத்தையோ பொறிப்பது வழக்கம். எழுபது ஆண்டுகள் இங்கே வாழ்ந்தாலும் கல்லில் எழுதப்படுவது கடல் கடந்த அந்த மண்ணின் பெயர். எங்கள் கல்லில் யோங்திங் என்று இருந்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டு, சீனர்களில் ஒரு பிரிவினரான ஹக்கா சமூகத்தின் பெரியவர்கள் சிலரிடம் போனோம். இரண்டு ஆண்டு கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு ஊர் தெரிந்தது.

சியாமென்னில் விமானத்தை விட்டு இறங்கி, மலைப்பாதையில் வண்டியில் போனோம். நம் வீடுகளில் தலைவலிக்குத் தேய்க்கும் டைகர் பாமை ஊரறியச் செய்த ஆவ் பூன் ஹாவின் பூர்வீகமும் இதே யோங்திங்தான் என்று ஓட்டுநர் பெருமையோடு சொன்னார். வழியில் கௌபெய் என்ற ஊரில், 1709இல் கட்டி முடிக்கப்பட்ட செங்ச்சி லோவ் என்னும் பெரிய வட்ட வீட்டைப் பார்த்தோம். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வளையங்கள், ஏறத்தாழ 400 அறைகள். யுனெஸ்கோ 2008இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்த 46 மண்வீடுகளில் அதுவும் ஒன்று. நுழைவுச்சீட்டும் கூட்டமும் அங்கே உண்டு. என் தாயார் உள்ளே அதிக நேரம் நிற்கவில்லை. "இது யார் வீடோ, நாம போவோம்" என்றார்.

எங்கள் ஊர் அங்கிருந்து இன்னும் ஒரு பள்ளத்தாக்கு தள்ளி இருந்தது. ஓடையோரம் மூன்று மண்வீடுகள். ஒன்று இடிந்து புல் முளைத்துக் கிடந்தது. நம் சந்தையில் பிசாங் காக்கி என்று விற்கிறார்களே, அந்தப் பழத்தைத் தோல் சீவி மூங்கில் தட்டுகளில் வெயிலில் காயவைத்திருந்தார்கள். முற்றம் முழுவதும் அந்தச் செம்மஞ்சள் நிறம்தான் முதலில் கண்ணில் பட்டது.

எங்கள் உறவினர் வாழும் வட்ட மண்வீட்டின் அமைப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் சொல்ல வந்த செய்தி அதற்குள்ளேதான் இருக்கிறது. மண்ணோடு மணலும் சுண்ணாம்பும் கலந்து, நடுநடுவே மூங்கில் பட்டைகளை வைத்து, மரச்சட்டத்துக்குள் கொட்டி, அடுக்கு அடுக்காக இடித்து இறுக்கிய சுவர். அடியில் ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட கனம். கொள்ளையரும் பகைக்குலத்தாரும் உலவிய காலத்தில் எழுந்த கட்டடம் ஆகையால் கீழ் இரண்டு தளங்களில் வெளிப்பக்கம் சன்னலே கிடையாது, வாசலும் ஒன்றே ஒன்றுதான். உள்ளே தரைத்தளம் முழுவதும் அடுக்களைகள், அதற்கு மேல் தானிய அறைகள், அதற்கும் மேலே படுக்கை அறைகள். ஒரு குடும்பத்துக்குரிய பங்கு கீழிருந்து மேலாகச் செங்குத்தாகப் போகிறது: ஓர் அடுக்களை, அதற்கு நேர் மேலே ஒரு தானிய அறை, அதற்கு மேல் படுக்கை. அண்ணன் பங்கும் தம்பி பங்கும், செல்வன் பங்கும் ஏழை பங்கும் வட்டத்தில் ஒரே அளவு. நடுவில் எல்லோருக்கும் பொதுவான முன்னோர் மண்டபம்.

ஒருகாலத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த வீட்டில் நாங்கள் போனபோது பதினொரு முதியவர்களும் மூன்று சிறுவர்களும் இருந்தார்கள். அந்தச் சிறுவர்களின் பெற்றோர் சியாமென்னிலும் குவாங்சோவிலும் வேலை செய்கிறார்கள். 1958இல் வந்த குடிப்பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் பிறந்த ஊரோடு கட்டிவைத்தது. பிற்காலத்தில் நகரம் உழைப்பாளியை ஏற்றுக்கொண்டது, ஆனால் பள்ளிக்கூடம் முதலிய உரிமைகளை அவன் பிள்ளைக்கு எளிதில் கொடுக்கவில்லை. அதனால் பிள்ளை தாத்தாவிடம் நின்றுவிட்டது. சீன மக்கள்தொகையில் நகரத்தார் பாதிக்கு மேல் ஆனது 2011இல்தான். அந்த ஊரின் பூட்டுகளை எண்ணினால் அதற்கு வெகு முன்பே அங்கே கிளம்பிவிட்டார்கள் என்று தெரிகிறது. யாரும் சுற்றிப் பார்க்க வராத ஊர் என்று சொன்னால் அழகாக இருக்கிறது, ஆனால் அங்கே சொந்தப் பிள்ளைகளே ஆண்டுக்கு ஒரு முறை புத்தாண்டுக்குத்தான் வருகிறார்கள். அதை அழகு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஊரில் மூத்தவர் எண்பத்தாறு வயதுப் பெரியவர். கல்லறைப் படத்தை வாங்கி, பெயரில் இருந்த நடு எழுத்தைத் தொட்டுக் காட்டினார். ஒரே தலைமுறையில் பிறந்த ஆண்மக்கள் எல்லோருக்கும் பெயரில் ஓர் எழுத்து பொதுவாக இருக்கும்; அந்த எழுத்துகளின் வரிசையை முன்னோர் செய்யுளாகவே பாடிவைத்திருக்கிறார்கள். அந்த ஓர் எழுத்தைக் கொண்டு, இறந்தவர் தமக்குச் சிற்றப்பா முறை என்று சொல்லிவிட்டார். பிறகு குலப்பதிவேட்டைக் கொண்டுவந்தார். பழைய ஏடு கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் எரிக்கப்பட்டதாம். கடல் கடந்த உறவினர் வைத்திருந்த படியைப் பார்த்து 1990களில் மறுபடி எழுதியிருக்கிறார்கள். அதில் என் தாயாரைப் பெற்றவர் இருந்தார். "தென்கடலுக்குப் போனவர்" என்று எழுதியிருந்தது. அவருடைய இரண்டு ஆண்மக்களும் இருந்தார்கள். மூன்று பெண்களில் ஒருவரும் இல்லை. வளர்க்கக் கொடுத்த பெண்ணும் இல்லை, வீட்டிலேயே வைத்து வளர்த்த பெண்களும் இல்லை. அத்தனை சமமாகப் பங்கிட்ட அந்த வட்டத்தில் மகளுக்கு ஓர் அறை கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் தாயார் அதற்கு வருந்தியதாகத் தெரியவில்லை. ஒரு மூதாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு போய், எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக உரியவர் இல்லாமல் இருந்த அடுக்களையைத் திறந்து காட்டினார். பங்காளிகள் அதை விற்கவுமில்லை, எடுத்துக்கொள்ளவுமில்லை. விறகு மட்டும் அடுக்கியிருந்தார்கள். அடுப்பில் பதித்த பெரிய இரும்புச் சட்டி துருப்பிடித்திருந்தது. இருவருக்கும் ஒரு சொல்லும் பொதுவாக இல்லை. அன்று மாலை மூதாட்டி தன் அடுக்களையில் தவ்ஹூ என்னும் சோயாக் கட்டியைக் கிழித்து அதற்குள் இறைச்சியை அடைத்தபோது, ஈப்போ சந்தையில் ஆயிரம் முறை பார்த்த யோங் தாவ் ஃபூ அல்லவா இது என்று என் தாயார் சிரித்து, பக்கத்தில் உட்கார்ந்து தானும் அடைக்கத் தொடங்கினார். விரதநாள் ஆகையால் அவர் அதைச் சாப்பிடவில்லை. மூதாட்டி அவருக்குக் கீரை வதக்கிக் கொடுத்தார்.

புறப்படும் நாளன்று காலையில் அந்தப் பெரியவர் எங்களை முன்னோர் மண்டபத்துக்கு அழைத்தார். இப்போதெல்லாம் பெண்களையும் எழுதுகிறார்கள், அடுத்த பதிப்பில் இந்தப் பெண்ணையும் சேர்ப்போம், பெயர் என்ன என்று கேட்டார். என் தாயார் தம் பெயரைச் சொன்னார். பள்ளியில் படிக்கும் சிறுவன் அந்த ஒலிக்கு ஏற்ற சீன எழுத்துகளைத் தேடினான். அப்போது என் தாயார் என்னைப் பார்த்து, "எங்கம்மா பேரையும் எழுதச் சொல்லுப்பா, அவங்கதான் வளர்த்தாங்க" என்றார். பெரியவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். வேற்றுக்குலத்துப் பெண்ணை, அதுவும் வேற்று நாட்டுப் பெண்ணை அந்த ஏட்டில் எழுதுவதற்கு முறையே கிடையாது என்று மொழிபெயர்த்த இளைஞர் மெல்லச் சொன்னார். பிறகு பெரியவர் சிறுவனிடமிருந்து பேனாவை வாங்கி, தாளோடு என் பக்கம் நகர்த்தினார். ஒலியை வைத்து எழுதினால் பிழையாகிவிடும், உங்கள் எழுத்திலேயே எழுதிக் கொடுங்கள், அப்படியே பார்த்து வரைந்துகொள்கிறோம் என்றார். என் பாட்டியின் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.