சிப்பிக் கல்லில் ஒரு கோட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா கடலோரத்தில் செயின்ட் அகஸ்டின் என்றொரு ஊர். 1565-இல் ஸ்பானியர்கள் குடியேறிய இடம். அங்கே அவர்கள் கட்டிய காஸ்டிலோ டி சான் மார்கோஸ் கோட்டையில் கருங்கல் மருந்துக்கும் கிடையாது.

முதல் நூறு வருஷமும் மரக்கோட்டைதான். ஒன்று உளுத்துப்போகும், இன்னொன்று எரியும். இப்படி ஒன்பது கட்டினார்கள். 1668-இல் ராபர்ட் சேர்ல்ஸ் என்ற கடற்கொள்ளையன் ஊரைச் சூறையாடிய பிறகுதான் ஸ்பெயின் அரசுக்கு உறைத்தது. 1672-இல் கற்கோட்டைக்கு வேலை தொடங்கி, 1695-இல் முடிந்தது.

கல்லுக்கு எங்கே போனார்கள்? எதிரே இருக்கும் அனஸ்தேசியா தீவுக்கு. சின்னஞ்சிறு சிப்பிகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிய 'கோக்கினா' அங்கே கிடைத்தது. வெட்டும்போது மெத்தென்று இருக்கும், காயக் காயத்தான் இறுகும். கிட்டப் போய்ப் பார்த்தால் சுவர் முழுக்கச் சிப்பி விளிம்புகள். சுண்ணாம்பும் சிப்பி ஓடுகளைச் சுட்டு எடுத்ததுதான். கல் வெட்டிச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் திமுகுவா, குவாலே, அப்பலாச்சி பழங்குடியினர். கோட்டையின் பெருமை பேசுகிறவர்கள் இவர்களைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

1702-இல் கரோலினாவின் ஆங்கில ஆளுநர் ஜேம்ஸ் மூர் படையோடு வந்தார். ஊர் ஜனமும் வீரர்களுமாகச் சுமார் 1,500 பேர் ஐம்பது நாள் உள்ளேயே அடைந்து கிடந்தார்கள். ஆங்கிலேயரின் குண்டு பட்டும் சுவர் சிதறவில்லை. நுண்துளைகள் நிறைந்த அந்தக் கல், ஈரக் களிமண்ணில் எறிந்த கல்லைப் போலக் குண்டை உள்வாங்கிக்கொண்டது. மூர் ஆத்திரத்தில் ஊரைக் கொளுத்திவிட்டுத் திரும்பினார். 1740-இல் ஜார்ஜியாவிலிருந்து ஆங்கிலத் தளபதி ஓகல்தார்ப் வந்து 27 நாள் குண்டு வீசியும் அதே கதைதான்.

சண்டையில் யாருக்கும் மசியாத கோட்டை, 1763-இல் ஒப்பந்தக் கையெழுத்தில் பிரிட்டனுக்குப் போனது. பிறகு மறுபடி ஸ்பெயின், 1821-இல் அமெரிக்கா.

அமெரிக்கர்கள் மேரியன் கோட்டை என்று பெயரை மாற்றிச் சிறையாகவும் வைத்துக்கொண்டார்கள். 1837-இல் செமினோல் பழங்குடித் தலைவர் ஓசியோலாவை அடைத்தது இங்கேதான். அதே வருஷம் நவம்பரில் கோகூச்சி என்ற இன்னொரு தலைவர், 19 பேரோடு இரவில் தப்பினார். குறுகலான ஜன்னலில் நுழைவதற்காகப் பட்டினி கிடந்து மெலிந்தார்களாம். பட்டினிக் கதையை என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. ஆனால் தப்பியது நிஜம். கோகூச்சி அதன்பிறகும் சில வருஷம் அமெரிக்கப் படையோடு சண்டை போட்டார்.

வணக்கம்.