ஒவ்வாமை இல்லை, ஆனாலும் மூக்கு ஒழுகுகிறது

நேயர்களுக்கு வணக்கம். ஒவ்வாமைக்கான தோல் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் செய்து, இரண்டிலும் ஒன்றுமில்லை என்ற முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, "பிறகு ஏன் எனக்கு மூக்கு ஒழுகுகிறது?" என்று கேட்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அந்தக் கேள்வியில் ஒரு மனக்குறையும் கலந்திருக்கும். தங்கள் தொல்லையை யாரும் நம்பவில்லை என்ற குறை அது. தொல்லை உண்மையானதுதான். அதற்கு ஒவ்வாமை சாராத நாசியழற்சி என்று பெயர்.

உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கி, ஈரப்படுத்தி நுரையீரலுக்கு அனுப்புவது மூக்கின் வேலை. இதற்காக அதன் உட்சவ்வில் இரத்த நாளங்களும் சளிச் சுரப்பிகளும் நிறைந்திருக்கின்றன; இவற்றை ஆள்பவை நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத தன்னியக்க நரம்புகள். இந்த நரம்புகள் தேவைக்கு மேல் கூருணர்வு கொண்டுவிட்டால், குளிரூட்டிய அறையிலிருந்து வெயிலுக்கு வருவதும், லிஃப்டில் பக்கத்தில் நிற்பவரின் வாசனைத் திரவியமும், சிகரெட் புகையும், ஆவி பறக்கும் சூப்பின் முதல் கரண்டியுமே மூக்கை ஒழுகவோ அடைக்கவோ வைக்கப் போதுமானவை. கண் அரிப்பும் அடுக்குத் தும்மலும் இதில் அவ்வளவாக இருப்பதில்லை. பெரும்பாலும் 20 வயதுக்குப் பிறகே இது தொடங்குகிறது. கர்ப்ப காலத்திலும் வரலாம். சில இரத்த அழுத்த மாத்திரைகளும் வலி மாத்திரைகளும்கூடக் காரணமாகலாம் என்பதால், மருத்துவரிடம் செல்லும்போது நீங்கள் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நான் சற்று நின்று பேச விரும்புவது மூக்கடைப்புச் சொட்டு மருந்தைப் பற்றி. ஆக்ஸிமெட்டசோலின், ஸைலோமெட்டசோலின் ஆகியவை வீங்கிய நாளங்களைச் சில நிமிடங்களில் சுருக்கிவிடுகின்றன. அந்த நிம்மதியில்தான் சிக்கல் இருக்கிறது. மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் தணியும்போது நாளங்கள் முன்னைவிட அதிகமாக வீங்குகின்றன, அதற்காக மீண்டும் மருந்து தேவைப்படுகிறது. தலையணைக்கு அடியில் ஒன்று, சட்டைப் பையில் ஒன்று, காரில் ஒன்று எனக் குப்பிகளை வைத்திருந்த ஒருவர், அடைப்புக்குக் காரணமே அந்தக் குப்பிகள்தான் என்று நான் சொன்னபோது, என்னைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

சிகிச்சையில் முதலிடம் தூண்டுதலை அறிவதற்கே. இரண்டு வாரம் குறிப்பேட்டில் எழுதிவந்தால் அது தானே புலப்படும். உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது பலருக்கு இதம் தரும். ஆனால் குழாய்த் தண்ணீரை நேரடியாகப் பயன்படுத்தவே கூடாது, கொதிக்கவைத்து ஆறிய நீர்தான் வேண்டும். ஒவ்வாமை மாத்திரைகள் இதில் பெரிதாக உதவுவதில்லை. அசெலாஸ்டின் அல்லது ஸ்டீராய்டு ஸ்பிரேயையும், நீராய் ஒழுகுவது மட்டுமே தொல்லையானால் இப்ராட்ரோபியம் ஸ்பிரேயையும் மருத்துவர் பரிந்துரைப்பார். ஸ்டீராய்டு ஸ்பிரேயின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். வலக் கையால் இடது துளையிலும், இடக் கையால் வலது துளையிலும் அடித்தால், மருந்து நடுச்சுவரில் படாமல் வெளிப்பக்கமாகச் செல்லும்.

ஒரு பக்கம் மட்டும் நீடிக்கும் அடைப்போ இரத்தக் கசிவோ, தலையில் அடிபட்ட பின் குனியும்போது ஒரு துளையில் மட்டும் சொட்டும் தெளிந்த நீரோ இருந்தால், அது இந்த உரைக்குள் அடங்காத வேறு நோயாக இருக்கலாம். தாமதிக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். நன்றி, வணக்கம்.