பாலமும் பயமும்

அவைத் தலைவர் அவர்களே, அதிபர் அவர்களே, பிரதேச சபை உறுப்பினர்களே, கோயில் பரிபாலன சபைப் பெரியோர்களே, மாலையிட்டு வரவேற்ற மாதர் சங்கத்தாரே, கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

இன்று மூன்று விடயங்கள்: உயரத்தில் பயம் வரும் காரணம், அதைப் பழக்கும் முறை, நம் தோட்டத்துத் தொங்கு பாலத்துக்கு நாம் கேட்க வேண்டியது.

நிற்கும்போது உடம்பு எப்போதும் லேசாக ஆடுகிறது. பக்கத்துப் பொருள்களைப் பார்த்தே கண் அதைத் திருத்துகிறது. எல்லவின் ஒன்பது வளைவு ரயில் பாலத்தில் நின்றால் தரை ஏறத்தாழ 80 அடி கீழே. கண்ணுக்குப் பிடிமானம் இல்லை. ஆட்டம் கூடும், முழங்கால் தளரும். அருகில் அசையாத ஒன்றைப் பாருங்கள்; விரல் நுனியால் சுவரைத் தொட்டாலே உடம்பு நிதானப்படும். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். முதல் நாள் மலையோரப் பாதையில் நின்றாலே போதும். பயம் உச்சத்தில் இருக்கையில் ஓடிவந்தால் அடுத்த முறை இன்னும் கூடும். தணியும்வரை நின்று, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். ஆனால் அந்தப் பாலம் கோச்சி ஓடும் பாதை, பக்கத்திலேயே சுரங்கம். தண்டவாளத்தில் பழகாதீர்கள்.

அந்தப் பாலத்துக்கு ஓர் ஊர்க்கதை உண்டு. முதலாம் உலகப் போர்க் காலம். இரும்பெல்லாம் போருக்குப் போய்விட்டதாம். வெள்ளைக்கார எஞ்சினியர் கையைப் பிசைந்து நின்றாராம். அப்புஹாமி என்ற உள்ளூர்க்காரர், "கல்லும் செங்கல்லும் சீமெந்தும் போதும்" என்றாராம். துரைமார் நம்பவில்லை. "முதல் ரயில் போகும்போது பாலத்தின் அடியில் படுத்திருப்பேன்" என்று சவால்விட்டு, அப்படியே படுத்தாராம்! கதை எப்படியோ, 1921இல் முடிந்த பாலம் நூறு ஆண்டு தாண்டி நிற்கிறது. அடி மேல் அடி!

நம் பிள்ளைகள் தினமும் கடப்பதோ தோட்டத்து ஆற்றின் தொங்கு பாலத்தை. அங்கே பயம் கோழைத்தனமல்ல, சரியான கணக்கு. பலகை முதலில் ஆணித் துளையில் உளுத்துப்போகும். மழைநீர் தேங்குவது அங்கேதான். கம்பிவடம் மண்ணுக்குள் நுழையும் இடத்தில் துருப்பிடிக்கும். வடத்தை மடித்துப் பிடிக்கும் கிளிப்பின் வளைந்த கம்பி, பாரம் தாங்காத வெட்டுமுனைப் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் வடத்தையே நசுக்கும். ஒரே தாளத்தில் நடந்தால் ஊசல் பெருகும். இடைவெளி விட்டுப் போங்கள். இருபக்கமும் இடுப்புயரக் கைப்பிடியும் வலையும் போட்டால் பாதிப் பயம் போய்விடும். அடி மேல் அடி அடித்துக் கேட்க வேண்டியது இதைத்தான்.

வாசல் மேசையில் மனு இருக்கிறது. உங்கள் பாலத்தில் எத்தனை பலகை உடைந்திருக்கிறது, எந்தப் பக்கம் கைப்பிடி இல்லை என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். கைநாட்டு வைக்க மையும் இருக்கிறது.