கண்ணுசாமிக்குப் பதினெட்டு வயது

அவையோருக்கு வணக்கம்.

மாய நாட்டுக் கதைகளில் ஒரு சிறுவன் அரியணையில் உட்கார்ந்திருப்பான். கால் தரையைத் தொடாது. பின்னால் நிற்கும் மந்திரி குனிந்து காதில் சொல்வதை அவன் சபைக்குச் சொல்வான். அந்தக் கதையை யார் சொன்னாலும் என் நினைவு இலங்கையின் கண்டி மலைக்குப் போய்விடும். அங்கே அது நிஜமாகவே நடந்தது. அந்தப் பையனின் பெயர் கண்ணுசாமி. தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் கூப்பிட்டால் ஒருவர் திரும்பிப் பார்க்கக்கூடிய பெயர்.

கண்டி அரசர்கள் மதுரையிலிருந்து பெண் எடுப்பது வழக்கம். 1739இல் நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய வாரிசு இல்லாமல் இறந்தபோது, அரசியின் தம்பிக்கே முடி சூட்டினார்கள். நாயக்கர் வம்சம் கண்டிக்கு வந்தது அப்படித்தான். கடலோரம் முழுவதும் முதலில் டச்சுக்காரர் கையில், பிறகு ஆங்கிலேயர் கையில். நடுவே மலைநாடு மட்டும் தனியரசு. 1798இல் மூன்றாவது நாயக்க மன்னர் ராஜாதி ராஜசிங்கனும் பிள்ளையில்லாமல் இறந்தார்.

இந்த இடத்தில்தான் மகா அதிகாரம் பிலிமத்தலாவை வருகிறார். மகா அதிகாரம் என்றால் முதலமைச்சர். அரசரைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு அவர் கையில் இருந்தது. பட்டத்துக்கு இன்னும் நெருங்கிய உரிமை கோரக்கூடிய முத்துசாமி இருந்தார். மறைந்த மன்னரின் மைத்துனர். அவரை விட்டுவிட்டு, அரச குடும்பத்துக்கு உறவான பதினெட்டு வயதுக் கண்ணுசாமியைப் பிடித்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்று பெயர் சூட்டினார்.

ஏன் இவன்? உள்ளூரில் சொந்தக் குலம் கிடையாது. பின்னால் ஒரு நிலப்பிரபுவோ, வில் தூக்கி வரும் ஊரோ கிடையாது. பொம்மலாட்டக்காரன் மரப்பாவையை எடுப்பதுபோல எடுத்தார். பாவைக்கு மாமன் மச்சான் இருந்தால் நூலை அவர்களும் பிடிப்பார்கள் அல்லவா?

அதோடு நின்றாரா? முடி சூட்டிய மறு ஆண்டே, 1799இல், ஆங்கிலேய ஆளுநர் பிரெடரிக் நார்த்திடம் போய், இந்த மன்னரை அகற்றிவிட்டு என்னை உட்கார வையுங்கள் என்று பேரம் பேசினார். பத்தொன்பது வயதுப் பிள்ளை அரண்மனையில் இருக்கிறான். அவனை உட்கார வைத்தவரே அவனைத் தீர்த்துவிட வழி தேடுகிறார். ஒரு பிள்ளை இதில் எதைக் கற்றுக்கொள்வான்? கும்பிடுகிற ஒவ்வொரு கையிலும் கத்தி இருக்கும் என்பதைத்தான்.

1803இல் ஆங்கிலேயப் படை கண்டிக்குள் நுழைந்தது. மன்னர் மலைக்குள் பின்வாங்கினார். நகரில் ஆங்கிலேயர் தங்களுக்கென்று ஒரு மன்னரைக் கொலுவேற்றினார்கள். வேறு யார், முத்துசாமிதான். ஒரே நாட்டில் இரண்டு பொம்மை அரசர்கள்! சில மாதங்களில் காய்ச்சலும் பசியும் படையைத் தின்றன. ஜூனில் மேஜர் டேவி சரணடைந்து வெளியேறினார். மகாவலி கங்கையில் வெள்ளம், கடக்க முடியவில்லை. முத்துசாமியைக் கொடுங்கள் என்று கண்டியார் கேட்டார்கள். டேவி கொடுத்தார். முத்துசாமியைக் கொன்றார்கள். அந்தப் படையினரில் பெரும்பாலோரும் பிழைக்கவில்லை. முத்துசாமியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அந்த ஆற்றங்கரை அடிக்கடி நினைவுக்கு வரும். அழைத்து வந்தவர்களே கையைப் பிடித்து ஒப்படைத்தார்கள்.

அந்த வெற்றிக்குப் பின் கண்ணுசாமி பொம்மையாக இருக்க மறுத்தார். கண்டி ஏரி அவர் வெட்டியது. புத்தரின் புனிதப் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையின் எண்கோண மண்டபம் அவர் காலத்தது. கட்டியவர் தேவேந்திர மூலாச்சாரி. ஏரி வேலைக்கு ஊழியம் வாங்கியதில் குடிகளும் பிரதானிகளும் கசந்தார்கள். முடி சூட்டிய பதின்மூன்று பதினான்கு ஆண்டுகளுக்குள் பிலிமத்தலாவையின் சதி வெளிப்பட்டு, மன்னரின் ஆணையால் அவர் தலை போயிற்று. அந்தப் பதவிக்கு எகலப்பொலை வந்தார். 1814இல் அவரும் கிளர்ந்து ஆங்கிலேயர் பக்கம் ஓடினார்.

அடுத்ததைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆகமாட்டேன். கண்டியில் இருந்த எகலப்பொலையின் மனைவியையும் பிள்ளைகளையும் மன்னர் கொல்லச் செய்தார். பிள்ளைகளை வாளுக்கும் தாயைத் தண்ணீருக்கும் கொடுத்தார்கள். அண்ணன் அஞ்சி நிற்க, தம்பி மத்தும பண்டார முன்னே வந்து கழுத்தை நீட்டியதாக இன்றும் சொல்கிறார்கள். அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அந்தப் பிள்ளைகளும் பெரியவர்களின் ஆட்டத்தில் சிக்கியவர்கள். அதை உணர்ந்திருக்க வேண்டியவர் அந்த மன்னரே. நான் கேட்பது ஒன்றுதான்: கொடுங்கோலன் என்று எழுதும்போது, அவரை வார்த்தெடுத்த கைகளையும் எழுதுங்கள்.

ஆங்கிலேயர் எழுதவில்லை. அவருடைய கொடுமைகளை மட்டும் எடுத்துச் சொல்லி, ஆளுநர் பிரவுன்ரிக் 1815 ஜனவரியில் போர் அறிவித்தார். நாற்பது நாளில் எல்லாம் முடிந்தது. பிப்ரவரி 18ஆம் நாள் மெதமகாநுவரைப் பக்கம் மன்னரைப் பிடித்துக் கட்டினார்கள். பிடித்தவர்கள் அவருடைய குடிகளே. மார்ச் 2ஆம் நாள் பிரதானிகள் நாட்டை ஆங்கிலேயருக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மன்னரின் ஆண் உறவினர் மலைநாட்டில் கால் வைத்தால் மரண தண்டனை என்று அதிலேயே எழுதினார்கள்.

எகலப்பொலைக்கு முடி கிடைத்ததா? இல்லை. பின்னாளில் அவரையும் மொரிசியசுக்கு அனுப்பினார்கள். அங்கேயே 1829இல் இறந்தார். 1817இல் மலைநாட்டின் ஊவாப் பகுதியில் மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தபோது தலைமைக்கு வந்தவர் தன்னைத் துரைசாமி என்று சொல்லிக்கொண்டார், நாயக்க அரச உறவினன் என்று. உண்மையில் அவர் வில்பாவ என்ற சிங்களவர். வெறுத்து விரட்டியதாகச் சொல்லப்பட்ட அந்த வம்சத்தின் பெயரைச் சொன்னால்தான் மக்கள் திரள்வார்கள் என்று இரண்டே ஆண்டில் ஒருவர் நினைத்திருக்கிறார், திரண்டும் இருக்கிறார்கள். கொடுங்கோலன் கதையைக் கேட்கும்போது இதையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

கண்ணுசாமியை 1816இல் கப்பலேற்றிச் சென்னை வழியாக வேலூர்க் கோட்டைக்குக் கொண்டு வந்தார்கள். பதினெட்டு வயதில் ஏறிய அரியணை; முப்பத்தைந்தில் இறக்கிவிட்டார்கள். மிச்சம் பதினாறு ஆண்டு சிறைவாசம். 1832 ஜனவரி 30இல் இறந்தார். அந்த அரியணை, 1693இல் டச்சுக்காரர் கண்டிக்குப் பரிசாகக் கொடுத்தது, இங்கிலாந்துக்குப் போய் 1934இல் இலங்கைக்குத் திரும்பிவிட்டது. அவர் திரும்பவில்லை.

வேலூர் போகிறவர்கள் கோட்டையையும் ஜலகண்டேஸ்வரர் கோயிலையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பாலாற்றுப் பக்கம் முத்து மண்டபம் இருக்கிறது, 1990இல் எழுப்பியது. அரசரும் அவர் குடும்பத்தாரும் அங்கே அடங்கியிருக்கிறார்கள். அடுத்த முறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். யார் இவர் என்று அவர்கள் கேட்டால், 1798இலிருந்து தொடங்கிச் சொல்லுங்கள்.